அளவெடுத்த நூல்

இன்னும் யாரும் போடாத பேண்டுக்கு முழங்கால் புடைத்திருந்தது.

டோன்கா பின்னறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜன்னல் திரைக்கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்த அந்தக் கரும்பச்சைக் கம்பளி பேண்ட், நேற்று சாயங்காலம் அவள் மாட்டிவிட்டுப் போனபோது பலகை மாதிரி நேராக இருந்தது. தைத்து முடித்ததும் கீழ்மடிப்பு அடிக்காமல் ஒரு நாள் தொங்கவிடுவது அவள் வழக்கம். துணி தன் கனத்திலேயே இறங்க வேண்டிய அளவு இறங்கிவிடும், அப்புறம் மடித்துத் தைத்தால் கால் ஏறி இறங்காது. துணி இறங்கும், சரி. முழங்கால் எப்படிப் புடைக்கும்? அதற்கு உள்ளே ஒரு முழங்கால் வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு யாராவது உட்கார வேண்டும், எழுந்திருக்க வேண்டும், படியேற வேண்டும். பாதி ஆயுளைக் கம்பளி மில்லில் கழித்தவளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கதவைச் சாத்து," என்று அடுக்களையிலிருந்து அவள் புருஷன் ராடோய் குரல் கொடுத்தான். "சூடு போகுது."

கப்ரோவோவில் பனிக்காலம் வந்துவிட்டால் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். அடுக்களையில் மட்டும் அடுப்பு எரியும். சமையல், சாப்பாடு, டிவி, தூக்கம் எல்லாம் அங்கேயே. மற்ற அறைகளைச் சாத்தி வைத்துவிடுவார்கள். பூனை உள்ளே நுழைகிற நேரத்தில் சூடு போய்விடுமென்று அதன் வாலை நறுக்கின ஊர் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள், ஊர்க்காரர்களும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வார்கள். டோன்காவும் அந்த ஊர்க்காரிதான். அந்தக் கஞ்சத்தனம்தான் அவளை இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது, அது அவளுக்கு அப்போது தெரியாது.

அவளுக்கு இடது இடுப்பு பிறவியிலேயே கொஞ்சம் தூக்கல். கடையில் விற்கிற எந்தப் பேண்டும் சேராது. ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் தொங்கும், கண்ணாடியைப் பார்த்தால் தன்மேலேயே எரிச்சல் வரும். சேருகிற பேண்ட் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மில்லில் துணி வெட்டுகிற மேசையில் கூட வேலை பார்த்த ஒருத்தி, மகனோடு கிரீஸுக்குப் போவதற்கு முன்னால் தைத்துக் கொடுத்த பழுப்பு பேண்ட். அதைப் போட்டால் டோன்கா ஏறக்குறைய நேராக நடப்பாள். கடைத்தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ராடோய்கூட அன்றைக்கு மட்டும், "கப்பல் ஆடிக்கிட்டு வருது, ஒதுங்குங்க," என்று சொல்ல மாட்டான். அதன் தொடைப் பக்கம் தேய்ந்து வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது.

அதைப் பார்த்து இன்னொன்று தைத்துவிடலாம் என்று இறங்கினாள். பிடித்த பேண்டைப் பார்த்துப் புதிதாகத் தைக்க இரண்டு வழி உண்டு. பழையதன் தையலையெல்லாம் பிளேடால் பிரித்து, துண்டு துண்டாக்கி, இஸ்திரி போட்டுத் தட்டையாக விரித்து, அப்படியே காகிதத்தில் வரைந்துகொள்ளலாம். அளவு அச்சு அசலாக வரும், ஆனால் பழையது போயே போச்சு. இல்லையென்றால் பிரிக்காமலே காகிதத்தின்மேல் ஒவ்வொரு காலாகப் போட்டு, தையலோரம் குண்டூசியால் குத்திக் குத்தி, காகிதத்தில் விழுந்த ஓட்டைகளைச் சேர்த்து வரையலாம். அளவு முன்னே பின்னே வரும். ஆசை வைத்த துணியை யாருக்குத்தான் பிரிக்க மனசு வரும்? டோன்கா குண்டூசியை எடுத்தாள்.

டேப்பின் முனை நைந்து போயிருந்தது, புதிதாக ஒன்று எதற்கு வாங்க வேண்டும் என்று சிவப்பு நூலால் அளவெடுத்தாள். பழுப்பு பேண்டைப் போட்டுக்கொண்டு, சாயங்கால வெயில் அவள் நிழலைச் சுவரில் நீளமாகச் சாய்த்திருந்த நேரத்தில், இடுப்பிலிருந்து குதிகால் வரை இரண்டு பக்கமும், சுவரிலிருந்த நிழலையும் தொட்டுக்கொண்டு, நூலை ஓடவிட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். வேலை முடிந்ததும் அந்த நூலையும் வீணாக்கவில்லை. நல்ல கெட்டி நூல். புதுப் பேண்டின் இடுப்புப்பட்டியை உள்பக்கம் தைக்க அதையே ஊசியில் கோத்துக்கொண்டாள்.

துணியை வெட்டும்போதுதான் சறுக்கினாள். மில்லை மூடிய வருஷம் கொண்டுவந்து வைத்திருந்த துணி அது, ஒரு மூலையில் பூச்சி அரித்திருந்தது. காகித அளவுகளை எப்படி வைத்தாலும் ஏதோ ஒன்று அந்த ஓட்டையின் மேலேயே வந்து உட்கார்ந்தது. எல்லாவற்றையும் குப்புறத் திருப்பிப் போட்டதும் கச்சிதமாக அடங்கிவிட்டன. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வெட்டினாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறவர்களுக்குக் குப்புறப் போட்டாலும் நிமிர்த்திப் போட்டாலும் ஒன்றுதான். இவளுக்கு அப்படியில்லையே. தைத்து முடித்து இடுப்பில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: தூக்கல் வலது பக்கம் வந்துவிட்டது. கண்ணாடிக்குள்ளே இருக்கிற டோன்காவுக்குத் தைத்தது மாதிரி ஆகிவிட்டது. நாசமாய்ப் போக என்று திட்டிவிட்டு, வெட்டின துணியை எறிய மனசில்லாமல், எதையாவது செய்து சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று கம்பியில் மாட்டிவிட்டுப் போனாள்.

அதுதான் இப்போது முழங்கால் புடைத்துத் தொங்கியது. தொடைச் சந்தில் உட்கார்ந்து எழுந்த சுருக்கங்கள். வலது காலின் விளிம்பில், பின்பக்கம், தெருவில் இழுபட்ட ஈரச் சேறு. மூச்சுவிட்டால் புகையாகத் தெரிகிற குளிர் அந்த அறையில், ஆற்றிலிருந்து ஏறிவந்த மூட்டம் ஜன்னல் கண்ணாடியை அடைத்துக்கொண்டு நின்றது, பழைய கம்பளியும் சாக்குக்கட்டித் தூளும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. டோன்கா தயங்கித் தயங்கி இடுப்புப்பட்டிக்குள் கையை விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் ஒருவர் கழற்றி மாட்டின உடம்புச் சூடு. அதிலிருந்து வந்த வியர்வை வாடை அவளுடையது, புளித்த மாவு வாடை, தன்னுடையது தனக்குத் தெரியாமல் போகுமா? பைக்குள் விரலில் ஏதோ ஒட்டியது. வெளியே எடுத்தாள். சூரியகாந்தி விதையின் தோல், எச்சில் ஈரம்கூடக் காயவில்லை.

அவளால் விதை கொறிக்கவே முடியாது. காலையில்தான் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். பஞ்சு இன்னும் வாய்க்குள் இருந்தது.

ராடோய் டிவிக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் பிளம் சாராயம். கிடங்கு வாட்ச்மேன் வேலையை விட்டு நின்ற பிறகு அந்த நாற்காலிதான் அவனுக்கு உத்தியோகம்.

"நான் பல் டாக்டர்கிட்ட போயிருந்தப்போ யாராவது வந்தாங்களா?"

"யாரு வருவா நம்ம வீட்டுக்கு?" என்றான். பிறகு தலையைத் திருப்பினான். "நீதான் வந்தே."

"நானா?"

"பச்சைப் பேண்டைப் போட்டுக்கிட்டு வந்து எதிர்ல உட்கார்ந்தே. விதை கொறிச்சே. ஒரு குத்தல் பேச்சு இல்லே, ஒரு புலம்பல் இல்லே. எழுந்து போறப்போ தோள்ல கை வச்சே." கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தான். "எத்தனை வருஷமாச்சு நீ அப்படிக் கை வச்சு. ஒரு நாளாவது ஒழுங்கா இருக்காளேன்னு நினைச்சேன். இப்ப வந்து விசாரணை பண்றே."

"ராடோ, நான் வரலே. அப்ப நான் வீட்டிலேயே இல்லே."

"சரி, இல்லே. கதவைச் சாத்து."

அவளுக்குப் பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. அதை நினைக்க அவளுக்கே அசிங்கமாக இருந்தது. பயம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது, சேர்ந்ததும் போகவே இல்லை. பின்னறைக் கதவைச் சாத்தி, கைப்பிடிக்குக் கீழே ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு வந்தாள். சாப்பிடும்போது சுவருக்கு அந்தப்புறம் தையல் மெஷினின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "எலி," என்றான் ராடோய், ரொட்டியைக் கிள்ளிக்கொண்டே.

மறுநாள் மத்தியானம் சாய்ந்த பிறகு, வீட்டு அங்கியும் கம்பளிக் காலுறையுமாக, ஊறப்போட்ட முட்டைக்கோஸ் எடுக்கக் கீழே நிலவறைக்கு இறங்கினாள். அந்தக் கட்டடத்தில் எல்லோருடைய பீப்பாய்களும் அங்கேதான், சுவரெல்லாம் உப்புத்தண்ணீர் வாடை. எதிர்வீட்டு யோவ்கா அக்கா, புருஷனை இழந்து தனியாக இருக்கிறவள், தன் பீப்பாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, நீ இப்பல்லாம் என்கூடப் பேச மாட்டியா?"

"ஏன் அக்கா?"

"நேத்து காலையிலே பாலத்துல அத்தனை தடவை கூப்பிடறேன், காது கேக்காத மாதிரி போறே. அத்தனை கொழுப்பு." சொல்லிவிட்டுக் கண்ணைச் சுருக்கினாள். "ஆமா, நொண்டற காலை எப்ப மாத்திக்கிட்டே? வலது காலை இல்லே இழுத்துக்கிட்டுப் போனே."

டோன்கா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பீப்பாய் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பேண்ட், பூச்சி அரித்த மூலை, முழங்கால் புடைப்பு, விதைத் தோல் எல்லாம். யோவ்கா முதலில் சிரித்தாள். ஒரு சாண் துணிக்கு ஆசைப்பட்டு இடுப்பை மாற்றித் தைத்தவள் என்று கட்டடம் முழுக்கச் சொல்லப்போவதாகவும் சொன்னாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எதை வச்சு அளந்தே?"

"நூலை வச்சுத்தான்."

"நிழல் விழுந்துச்சா?"

"வெயில் அடிச்சா நிழல் விழாதா அக்கா."

"அந்த நூல் எங்கே?"

"இடுப்புப்பட்டியில வச்சுத் தைச்சுட்டேன். நல்ல நூலு, எதுக்குத் தூர எறியணும்னு."

யோவ்காவின் கையிலிருந்த முட்டைக்கோஸ் நழுவி உப்புத்தண்ணீருக்குள் விழுந்தது. அந்தப் பக்கத்தில் இது குழந்தைக்கும் தெரிந்த விஷயம். பழைய காலத்துக் கொத்தனார்கள், கட்டின சுவர் நிற்கவில்லை என்றால், வழியில் போகிற எவனாவது ஒருவனுடைய நிழலை அவனுக்குத் தெரியாமல் நூலால் அளந்து, அந்த நூலைக் கல்லுக்கு நடுவில் வைத்துக் கட்டிவிடுவார்கள். சுவர் நின்றுவிடும். அவன் படுத்துவிடுவான், பிறகு எழுந்திருக்க மாட்டான். ஆனால் அது சுவர், இருந்த இடத்தில் இருக்கும். டோன்கா தன் நிழலைத் தானே அளந்து, நடமாடுவதற்கென்றே தைத்த ஒன்றுக்குள் வைத்து மூடியிருந்தாள்.

"பட்டியைப் பிரி. நூலை உருவி அடுப்பில போடு. இருட்டறதுக்குள்ள."

"அதுக்கு என்ன அக்கா வேணும்?"

"உன் இடம்தான் வேணும். வேறென்ன இருக்கு உன்கிட்ட." யோவ்கா ஈரக் கையைத் துடைக்காமலே பின்னால் நகர்ந்து படியில் ஏறினாள். டோன்கா கூடவே ஓர் அடி வைத்ததும் கையை நீட்டித் தடுத்தாள். "என்கூட வராதே. நிக்கறது நீதானா அதுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மேலே அவள் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

டோன்கா முட்டைக்கோஸ் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். அந்த வீடு, அந்த அடுப்பு, வாயைத் திறந்தால் குத்துகிற அந்த மனுஷன், இவ்வளவுதான் அவளுடையது. பெரிய சொத்தில்லை. ஆனாலும் விட முடியாது, விட்டால் போய் நிற்க ஒரு வாசல்கூட இல்லை. பிரித்துவிடலாம், நூலை உருவ எவ்வளவு நேரமாகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே ஏறினாள். படிக்கட்டு ஜன்னலில் வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது, மேலே ஏற ஏற நிலவறையின் உப்பு வாடை விலகி வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது, மிளகாய்த்தூளும் புதினாவும் போட்ட அவரைச் சூப்பின் வாசனை, பசியைக் கிளப்புகிற வாசனை. அது அவள் வீட்டுக் கதவிடுக்கிலிருந்துதான் வந்தது.

அவள் அடுப்பில் எதையும் வைத்துவிட்டு வரவில்லை.

கதவைச் சத்தமில்லாமல் தள்ளினாள். நடையில் இருட்டு. அடுக்களைக் கதவின் சொரசொரப்புக் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம், அதில் இரண்டு உருவங்கள். ஒன்று நாற்காலியில். இன்னொன்று அடுப்படியில், வலது பக்கம் சாய்ந்து. ராடோய் ஏதோ சொன்னான். ஒரு பெண் சிரித்தாள். டோன்காவின் சிரிப்பு அது. அவளே கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்த சிரிப்பு.

பின்னறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த நாற்காலி ஓரமாக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே போனாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். விளக்கைப் போட்டாள்.

ஜன்னல் திரைக்கம்பியில் கிளிப் மட்டும் இருந்தது.

மேசையில் பழுப்பு பேண்ட். இல்லை, அது பேண்டாக இல்லை. தையலெல்லாம் பிரித்து, துண்டு துண்டாக, தட்டையாக. ஒவ்வொரு துண்டுக்கும் இஸ்திரி போட்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியில் இன்னும் சூடு இருந்தது. பிரித்த நூல் துணுக்குகள் ஒரு தட்டில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன, வீணாக்காமல். ஓரமாக ஒரு காகிதத்தில் அந்தத் துண்டுகளின் அளவு வரைந்திருந்தது. வரைந்து, குறுக்கே அடித்திருந்தது. பேண்டிலிருந்து எடுத்த அளவு போதவில்லை போல.

மேசையின் மீதி முழுக்கப் புதுக் காகிதம். வெறுங்காகிதம். ஒட்டி ஒட்டி நீளமாக்கியிருந்தது. ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு.

தையல் பிரிக்கிற அரைப் பிளேடை அவள் எப்போதும் ஒரு கார்க்கில் செருகி வைப்பாள். கார்க் இருந்தது. பிளேடு இல்லை.

"உப்பு இன்னைக்குத்தான் சரியா இருக்கு, டோன்கா," என்றான் ராடோய் சுவருக்கு அந்தப்புறம்.

"ராடோ," என்று கத்தினாள் டோன்கா. "ராடோ, இங்க வா."

கரண்டிச் சத்தம் நின்றது.

"உள்ளே யாரு?"

"பாத்துட்டு வரேன்," என்றது அவள் குரல்.

நாற்காலி தரையில் உரசியது. ஒரு கால் ஊன்றியது. ஒரு கால் இழுபட்டது. ஊன்றியது. இழுபட்டது. நடையில். கதவருகே. டோன்கா மேசையோரம் வரை பின்னால் போனாள், அதற்குப் பின்னால் ஜன்னல்தான்.

கதவு திறந்தது.

பச்சைப் பேண்ட் அதற்கு அத்தனை அழகாகச் சேர்ந்திருந்தது. அதைத்தான் டோன்கா முதலில் பார்த்தாள். வலது இடுப்பில் ஒரு சுருக்கமில்லை. பிறகு முகத்தைப் பார்த்தாள். அவள் முகம். வகிடு மறுபக்கம். கன்னத்து மச்சம் மறுபக்கம். உதட்டுக்கு நடுவில் வரிசையாகக் குண்டூசிகள்.

அதற்குப் பின்னால் ராடோய் வந்து நின்றான். அவளைப் பார்த்தான். அதைப் பார்த்தான். மறுபடியும் அவளை.

"ராடோ, நான்தான்," என்றாள். பல் பிடுங்கின வாய், பாதி வார்த்தை எச்சிலோடு குழறியது. "நான்தான் நான். அது இல்லே. என்னைப் பாரு."

மற்றது அவன் தோளில் கையை வைத்தது.

ராடோய் அந்தக் கையைக் குனிந்து பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது, எது யார் என்று. அது அவன் முகத்தில் தெரிந்தது. டோன்காவின் பக்கம் அதற்கப்புறம் அவன் திரும்பவில்லை.

"சூப் ஆறிடும்," என்றான் பச்சைப் பேண்ட் போட்டவளிடம். "சீக்கிரம் வந்துடு. கதவைச் சாத்திக்க, சூடு போகுது."

போனான். கதவு சாத்திக்கொண்டது. அடுக்களையில் டிவியின் சத்தம் கூடியது.

டோன்கா கத்தினாள். கத்திக்கொண்டே ஜன்னல் கொண்டியைத் தேடினாள். அது அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கிக் காகிதத்தின் மேல் மல்லாக்கப் போட்டது, மாவு மூட்டையைப் போடுகிறவர்களின் சாவகாசத்தோடு. காகிதம் முதுகுக்கடியில் மொரமொரத்தது. இடது இடுப்பில் ஒரு குண்டூசி இறங்கியது. முழங்காலில் ஒன்று. குதிகாலில் ஒன்று. இடுப்பைச் சுற்றி இரண்டு விரல் நடந்து தூக்கலை அளந்தது, அந்த விரல்கள் அவளுடையவை, நகத்தடியில் சாக்குக்கட்டித் தூள்.

"தப்பாயிடுச்சு," என்றது ஊசிகளுக்கு நடுவிலிருந்து. வருத்தமாகக்கூட இருந்தது அந்தக் குரல். "பிரிக்காம எடுத்தே பாரு, அதான்."

கால் நகரவில்லை. ஊசி பிடித்திருந்தது.

காலுறை கீழே இறங்கியது. அரைப் பிளேடின் குளிர்ச்சி இடது கணுக்காலின் உள்பக்கத்தைத் தொட்டது, கொஞ்சம் மேலே ஏறியது, கொஞ்சம் கீழே இறங்கியது. முதல் தையலைத் தேடும்போது டோன்காவும் அப்படித்தான் தேடுவாள். அங்கே தையல் இல்லை என்று சொல்ல நினைத்தாள். அது வெறும் தோல், வெறும் சதை, அங்கே எதுவும் இல்லை.

பிளேடு ஓரிடத்தில் நின்றது.

நூல் ஒன்று பட்டென்று அறுந்தது.